பத்தாவது முடித்த பிள்ளைக்கு மருத்துவத் துறை: பிளஸ் ஒன்னில் எந்த குரூப், அந்த இரண்டு வருஷத்தில் என்ன கற்க வேண்டும்?

புதுவயலுக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு தாயார் கேட்ட கேள்வி இது. மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, பத்தாம் வகுப்பில் 412 மதிப்பெண் எடுத்திருக்கிறாள். ஆஸ்பத்திரி வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். டாக்டரா, நர்ஸா, லேப் வேலையா என்பதில் இன்னும் தெளிவில்லை. "தொழிற்கல்வி நர்சிங் குரூப்பில் சேர்த்தால் பிளஸ் டூ முடித்ததும் நர்ஸ் ஆகிவிடலாமே" என்கிறார்கள் வீட்டில். பிளஸ் ஒன்னுக்குக் காரைக்குடியில் அரசுப் பள்ளிக்கு மாற்றினால், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறார். இளையவன் ஐந்தாவது படிக்கிறான்.

அம்மா, நர்சிங் குரூப்பிலிருந்தே தொடங்குகிறேன். நம் பக்கத்தில் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது அதுதான். பிளஸ் டூவில் தொழிற்கல்வி நர்சிங் படித்த பிள்ளை நர்ஸ் ஆகிவிடுவதில்லை. அது பள்ளிப் பாடம் மட்டுமே. செவிலியர் என்று நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டுமானால், அதற்கு மேல் 3 வருஷ ஜி.என்.எம். டிப்ளமோவோ 4 வருஷ பி.எஸ்சி. நர்சிங்கோ படித்தாக வேண்டும். ஏ.என்.எம். 2 வருஷம், அது துணைச் செவிலியர் படிப்பு, பெண்களுக்கு மட்டும். பி.எஸ்சி. நர்சிங் சேர, பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் ஆங்கிலத்தோடு படித்து, அந்த மூன்றில் பொதுப் பிரிவினர் 45 சதவீதமாவது எடுத்திருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. தொழிற்கல்விக் குரூப்பில் இயற்பியலும் வேதியியலும் கிடையாது. ஆகவே அந்தக் கதவு மூடிவிடும். நீட், எக்ஸ்ரே, லேப், மருந்தியல் கதவுகளும் அதோடு மூடும். 'நர்சிங்' என்று பெயர் வைத்த குரூப் நர்சிங் பட்டப்படிப்புக்கே வழி விடாது என்பது பெற்றோருக்குப் பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு தெரிவது எவ்வளவு கொடுமை!

அதற்காக அந்த குரூப்பைத் தாழ்த்திச் சொல்லவில்லை. இயற்பியல், வேதியியல் என்றாலே தோற்றுவிடுவோம் என்ற நிலையில் உள்ள, ஆனால் நோயாளிப் பராமரிப்பில் உறுதியான ஆசை கொண்ட பிள்ளைக்கு அது நல்ல பாதை. படுக்கை விரிப்பது, உடல் வெப்பம், நாடி, சுவாசம் பார்ப்பது எல்லாம் 16 வயதிலேயே கைக்கு வந்துவிடும். பிறகு ஜி.என்.எம். முடித்து, 2 வருஷ போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்தால் பட்டமும் கிடைக்கும். மொத்தம் 5 வருஷம். நேர் வழியில் 4. ஒரு வருஷம்தான் வித்தியாசம். ஆனால் 412 எடுத்த, எந்த வேலை என்று இன்னும் முடிவு செய்யாத பிள்ளையை அங்கே சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. முடிவு எடுக்காதவளுக்குக் கதவுகள் திறந்திருக்க வேண்டும்.

அப்படியானால் அறிவியல் குரூப். அதில் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்ந்த பயோ-மேத்ஸா, தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாக வரும் ப்யூர் சயின்ஸா? மருத்துவம் சார்ந்த சேர்க்கைக்கு இரண்டும் ஒன்றே. பத்தாவதில் கணக்கில் 75-க்கு மேல் சுலபமாக எடுத்திருந்தால் பயோ-மேத்ஸ் எடுக்கலாம். நாளைக்கு மனசு மாறினாலும் பொறியியல், பயோமெடிக்கல் என்று போக வழி இருக்கும். கணக்கில் 50, 55 என்றால் ப்யூர் சயின்ஸ். பிளஸ் டூ கணிதத்தின் இரண்டு தொகுதிகளும் தினம் இரண்டு மணி நேரத்தைத் தின்னும். அந்த நேரம் உயிரியலிலிருந்துதான் போகும். கணிதம், இயற்பியல், வேதியியல் இருந்து உயிரியல் இல்லாத குரூப்பை மட்டும் எடுக்க வேண்டாம். அதிலிருந்து மருந்தாளுநர் படிப்புகளான டி.பார்ம்., பி.பார்ம். போகலாம்; நர்சிங் பட்டமும் எம்.பி.பி.எஸ்.ஸும் போய்விடும். உயிரியலைப் பிற்பாடு கூடுதல் பாடமாக எழுதித் தேறினால் நீட்டுக்குத் தகுதி என்று 2023-ல் தேசிய மருத்துவ ஆணையம் வழி திறந்தது உண்மைதான். 16 வயதில் அதை நம்பித் திட்டமிடக் கூடாது.

பள்ளி மாற்றும் கேள்விக்கு வருகிறேன். செட்டிநாட்டுக்கு இது தனிச் சிக்கல். நகரத்தார் கட்டிவைத்த பள்ளிகள் இங்கே ஊருக்கு ஊர் உண்டு. அவற்றில் பல இன்று அரசு உதவி பெறுபவை. சம்பளம் அரசு கொடுக்கிறது, புத்தகம் அரசு கொடுக்கிறது, அதனால் அரசுப் பள்ளி என்றே பலரும் நினைக்கிறார்கள். 2020-ல் கொண்டுவந்த 7.5 சதவீத மருத்துவ உள் ஒதுக்கீட்டுக்கு அந்தக் கணக்கு செல்லாது. 6-ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்ட இடத்தில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு விலக்கு உண்டு. உதவி பெறும் பள்ளிக்கு இல்லை. ஆகவே உங்கள் மகளை இப்போது அரசுப் பள்ளிக்கு மாற்றினாலும் அந்த ஒதுக்கீடு வராது. அதற்காக மட்டும் மாற்ற வேண்டாம்.

ஆங்கில வழிக்கோ தனியார் பள்ளிக்கோ மாற்றினால் ஒன்று போகவும் கூடும். புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி படிக்கும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. முதலில் அரசுப் பள்ளிக்கு மட்டும் இருந்ததை, உதவி பெறும் பள்ளியில் 6 முதல் 12 வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் 2024 டிசம்பர் இறுதியில் விரிவாக்கினார்கள். பிளஸ் ஒன்னில் ஆங்கில வழிக்கோ தனியார் பள்ளிக்கோ மாற்றுவதற்கு முன் இந்த வரியைத் திரும்பப் படியுங்கள். நான்கு வருஷ நர்சிங் படிப்புக்கு 48,000 ரூபாய்.

உண்மையில் உங்கள் வீட்டில் 7.5 சதவீதத்தைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டியது இளையவனுக்கு. அவன் அடுத்த வருஷம் ஆறாவது. எந்தப் பள்ளியில் ஆறாவது சேர்கிறான் என்பதுதான் பிளஸ் டூ முடிக்கும்போது அந்த ஒதுக்கீட்டுக்கு வர முடியுமா என்பதைத் தீர்மானிக்கும். இந்த மே மாதம் எடுக்கும் முடிவு அது.

நீட் பற்றிச் சுருக்கமாக. 180 கேள்வி, 180 நிமிடம், 720 மதிப்பெண். உயிரியல் 90 கேள்வி, இயற்பியலும் வேதியியலும் 45, 45. சரியானால் 4, தப்பானால் 1 குறையும். தமிழில் எழுதலாம், ஆனால் மொழிபெயர்ப்பில் முரண் வந்தால் ஆங்கிலக் கேள்வியே செல்லும். வினாத்தாளில் இரண்டும் இருக்கும், இரண்டையும் படிக்கப் பழக்குங்கள். 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இல்லை. பல பள்ளிகளில் 11-ஆம் வகுப்புப் பாடத்தை வேகமாகத் தள்ளிவிட்டு 12-க்குப் போகும் ஆபத்து இதில் இருக்கிறது. செரிமானம், சுவாசம், இரத்த ஓட்டம், கழிவு நீக்கம், நரம்பு, ஹார்மோன் என்று மனித உடலின் பெரும்பகுதி 11-ஆம் வகுப்பு விலங்கியலில்தான் இருக்கிறது. நீட் எழுதினாலும் எழுதாவிட்டாலும், நர்சிங் முதல் வருஷத்தில் உடற்கூறியல் பாடம் அங்கிருந்துதான் தொடங்கும். பள்ளி தள்ளினாலும் வீட்டில் தள்ள விடாதீர்கள்.

டாக்டர், நர்ஸ் தவிர வேறு வேலைகள் இருப்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. பிசியோதெரபி, லேப் டெக்னாலஜி, எக்ஸ்ரே-ஸ்கேன், கண் பரிசோதனைக்கான ஆப்டோமெட்ரி, காதுகேட்பு-பேச்சுப் பயிற்சி, டயாலிசிஸ், மயக்க மருந்து-ஆபரேஷன் தியேட்டர், இதயப் பரிசோதனை, அவசர சிகிச்சை, பிசிஷியன் அசிஸ்டென்ட் என்று தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரிசையாக பட்டப்படிப்புகள் உண்டு. தமிழ்நாட்டில் இவற்றுக்கும் பி.எஸ்சி. நர்சிங்குக்கும் மருத்துவக் கல்வி தேர்வுக் குழு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே கலந்தாய்வு நடத்தி வந்திருக்கிறது. துணை மருத்துவப் படிப்புகளுக்காக 2021-ல் தேசிய அளவில் தனி ஆணையச் சட்டம் வந்த பிறகு சேர்க்கை விதிகள் மாறி வருகின்றன. உங்கள் மகள் விண்ணப்பிக்கும் வருஷத்துத் தகவல் தொகுப்பேட்டையே நம்புங்கள், போன வருஷம் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னதை அல்ல. டி.பார்ம். 2 வருஷம்; அதோடு 500 மணி நேரம் மருந்தகப் பயிற்சி. அரசு மருத்துவக் கல்லூரிகளில் இ.சி.ஜி., டயாலிசிஸ், தியேட்டர் டெக்னீஷியன் போன்ற ஒரு வருஷச் சான்றிதழ்ப் படிப்புகளும் உண்டு. குடும்பச் சூழலால் சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய பிள்ளைக்கு இவை நல்லது. சிவகங்கையில் 2012-லும், புதுக்கோட்டையில் 2017-லும், ராமநாதபுரத்தில் 2022-லும் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. முன்பு போல மதுரையை மட்டும் பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனாலும் கலந்தாய்வு மாநில அளவில் நடப்பது. இடம் நாகர்கோவிலிலும் கிடைக்கலாம் என்று இப்போதே மகளிடம் பேசி வையுங்கள்.

இனி அந்த இரண்டு வருஷத்தில் என்ன கற்க வேண்டும் என்பது. குரூப் தேர்வை விட இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் வேதியியல் செய்முறை. 20 மதிப்பெண் எப்படியும் வந்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். லேப் வேலைக்கான கையை அங்கேதான் பழக்க முடியும். பெர்மாங்கனேட் வைத்து ஆக்சாலிக் அமிலத்தின் அளவைக் கண்டுபிடிக்கும் பருமனறி பகுப்பாய்வை எடுத்துக்கொள்ளுங்கள். நிறமற்ற கரைசல்களுக்கு, பியூரெட் என்ற அளவுக் குழாயில் திரவத்தின் வளைந்த மேற்பரப்பின் அடியை, அதாவது கீழ்ப் பிறையைப் பார்க்க வேண்டும். பெர்மாங்கனேட்டின் நிறம் அடர்த்தி என்பதால் மேல் விளிம்பைப் பார்க்க வேண்டும். ஆக்சாலிக் அமிலத்தைச் சுமார் 60-70 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்காமல் தொடங்கினால் முதல் சில சொட்டுகள் நிறம் மாறாமல் நிற்கும். முடிந்துவிட்டது என்று பிள்ளை எழுதிவிடும். கந்தக அமிலம் குறைந்தால் பழுப்பு நிறத்தில் கலங்கும். அந்தக் குடுவையை ஊற்றிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும், கணக்கில் சரிக்கட்டக் கூடாது. அரை நிமிடம் நிலைக்கும் வெளிர் ரோஜா நிறம்தான் முடிவு. அடுத்தடுத்த இரண்டு அளவீடுகள் ஒத்து வராவிட்டால் மூன்றாவது செய்ய வேண்டும். பக்கத்து மேசையின் எண்ணைப் பார்த்து எழுதும் பழக்கம் இங்கே தொடங்கினால், நாளைக்கு இரத்தச் சர்க்கரை அறிக்கையிலும் அதே கைதான் எழுதும்.

இரண்டாவது, சின்னக் கணக்கு. ப்யூர் சயின்ஸ் எடுத்துக் கணக்கை விட்ட பிள்ளைகள் நர்சிங்கில் திணறும் இடம் இது. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். டாக்டர் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று எழுதுகிறார். 12-ஐ 15-ஆல் பெருக்கினால் 180 மில்லிகிராம். பாட்டிலில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்று இருந்தால், ஒரு மில்லிக்கு 24; 180-ஐ 24-ஆல் வகுத்தால் 7.5 மில்லி. அதே மருந்து 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் உள்ள பாட்டிலிலும் வரும். அதற்கு 3.6 மில்லிதான். லேபிளைப் படிக்காமல் "போன தடவை ஏழரை கொடுத்தோமே" என்று ஊற்றினால் 375 மில்லிகிராம் போய்விடும், இரண்டு மடங்குக்கும் மேல். குளுக்கோஸ் ஏற்றும் கணக்கும் இப்படித்தான். 500 மில்லியை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றும் குழாய் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு சுமார் 42 சொட்டு. மைக்ரோ செட்டில் ஒரு மில்லிக்கு 60 சொட்டு என்பதால் 125 வரும். உறையில் அச்சடித்த சொட்டு எண்ணைப் பார்க்காமல் வாய்ப்பாடு ஒப்பிப்பதில் பலன் இல்லை. வாரம் பத்துக் கணக்கு, கால்குலேட்டர் இல்லாமல் போடச் சொல்லுங்கள்.

மூன்றாவது, சொற்கள். தமிழ் வழியில் படிப்பது குறையே இல்லை. விஷயம் ஆழமாக மனதில் நிற்பது தாய்மொழியில்தான். கல்லூரியில் எல்லாம் ஆங்கிலம் என்பதால் பாலம் ஒன்று வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: தமிழ்ச் சொல், ஆங்கில எழுத்துக்கூட்டல், படத்தில் அது எங்கே இருக்கிறது. மூன்றாவது பத்தி ஏன் என்றால், 'இலியம்' என்று இரண்டு உண்டு. ஒன்று சிறுகுடலின் கடைசிப் பகுதி, மற்றது இடுப்பெலும்பின் பகுதி. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. ஆங்கிலத்தில் மூன்றாவது எழுத்து 'ஈ' என்றால் குடல், 'ஐ' என்றால் எலும்பு. யூரெட்டர் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய், யூரெத்ரா சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே போகும் குழாய். ஹைப்பர் என்றால் அதிகம், ஹைப்போ என்றால் குறைவு. சர்க்கரை நோயாளியிடம் இந்தச் சொல் மாறினால் கொடுக்க வேண்டியது இன்சுலினா இனிப்பா என்பதே மாறிவிடும். தினம் ஐந்து சொல் போதும்.

நான்காவது, வீட்டிலேயே பழகக்கூடிய பரிசோதனை. பெரியவர்களுக்கு ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100, சுவாசம் 12 முதல் 20. நாடியை முழு ஒரு நிமிடம் எண்ணப் பழக வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தாளம் தவறுவது தெரியாது. சுவாசத்தை எண்ணும்போது எண்ணுகிறேன் என்று சொல்லக் கூடாது, சொன்னால் மூச்சு மாறிவிடும். நாடி பிடித்த கையை எடுக்காமலே மார்பைப் பார்த்து எண்ண வேண்டும்.

இரத்த அழுத்தம் பார்ப்பதில் தப்பு நிறைய நடக்கும். நம் பக்கத்து வளவு வீடுகளில் பிள்ளைகள் வெளியூரில் இருக்க, ஆச்சி மட்டும் தனியாக இருக்கும் வீடுகள் எத்தனை! அங்கே போய்ப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஆச்சி முற்றத்துத் தூணோரம் சம்மணம் போட்டுக் கையைத் தொடையில் வைத்து உட்கார்ந்திருப்பார். அப்படியே பட்டையைக் கட்டினால் எண் கூடுதலாகக் காட்டும். கை இதய மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, காலும் மடங்கியிருக்கிறது. முதுகு சாய நாற்காலியில் உட்கார வைத்து, கால் தரையில் பதிய, கையை மேசைமேல் இதய மட்டத்தில் வைக்க வேண்டும். காபி குடித்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் அமைதி. பட்டை வெறும் தோலில், துணிமேல் அல்ல. பருமனான கைக்குச் சின்னப் பட்டை கட்டினாலும் அளவு கூடும். கையால் அடிக்கும் கருவியானால், மணிக்கட்டு நாடி மறையும் எண்ணுக்கு மேல் இன்னும் 30 ஏற்றி, விநாடிக்கு 2 முதல் 3 என்ற வேகத்தில் இறக்க வேண்டும். சடாரென்று இறக்கினால் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் முதல் ஒலி தப்பிவிடும். கிடைத்த எண்ணை அப்படியே எழுத வேண்டும். 138 வந்தால் 140 என்று உருட்டக் கூடாது. மருந்து மாற்றுவது டாக்டர் வேலை. எண்ணைச் சொல்வதோடு பிள்ளை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஒரு உடல் விஷயம். ஹெப்பாடிட்டிஸ் பி தடுப்பூசி குழந்தையில் போட்டதற்குப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து என்று மூன்று ஊசி. பிளஸ் டூவிலேயே முடித்துவிட்டால், முதல் வருஷம் ஊசி முனை கையில் குத்தினாலும் அந்த நோய்க்குப் பயம் குறைவு. லேப் வேலையில் ஆசையிருந்தால் நிறப்பார்வையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். சாயமேற்றிய சிலைடும் ஸ்டிரிப்பும் நிறத்தை வைத்துப் படிப்பவை.

பெரிய எச்சரிக்கை ஒன்று. கடைவீதி மாடியில் "ஆறு மாத நர்சிங், வேலை உத்தரவாதம்" என்று பலகை வைத்திருப்பார்கள். அங்கே பணம் கட்டும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: முடித்தால் எந்தக் கவுன்சிலில் பதிவு எண் கிடைக்கும்? நர்சிங் என்றால் இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் தாதியர் கவுன்சில். மருந்தியல் என்றால் இந்திய மருந்தியல் கவுன்சில், தமிழ்நாடு மருந்தியல் கவுன்சில். அங்கீகாரம் பெற்ற கல்லூரிப் பட்டியல் அந்தந்தக் கவுன்சில் இணையதளத்தில் இருக்கும். பெயர் அங்கே இல்லை என்றால் சுவரில் தொங்கும் சான்றிதழ் எதுவாக இருந்தாலும் பலனில்லை. பதிவு எண் இல்லாமல் நர்ஸ் வேலைக்கு அரசிலும் போக முடியாது, வெளிநாட்டுக்கும் போக முடியாது. பயிற்சிக்குச் சொந்த மருத்துவமனை எது, எத்தனை படுக்கை என்பதையும் நேரில் போய்ப் பாருங்கள். நோயாளி இல்லாத இடத்தில் நர்சிங் கற்க முடியாது. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

சாதி, வருமானம், இருப்பிடம், வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்று ஆகியவற்றை இ-சேவை மையத்தில் பிளஸ் டூ டிசம்பருக்குள் வாங்கிவிடுங்கள். மே, ஜூனில் கூட்டம் நெரியும். பத்தாவது மதிப்பெண் பட்டியல், ஆதார், சாதிச் சான்று மூன்றிலும் பெயரும் முன்னெழுத்தும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் பக்கம் தகப்பனார் முன்னெழுத்தோடு தாத்தா முன்னெழுத்தும் சேர்த்து எழுதும் வீடுகள் உண்டு. ஒன்றில் இரண்டு எழுத்து, மற்றதில் ஒன்று என்று இருந்தால் கலந்தாய்வு நாளில் நிறுத்திவைப்பார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கப் பள்ளிக்குப் போகும்போது தலைமையாசிரியரிடம் ஆறாவது முதல் தமிழ் வழியில் படித்ததற்கான சான்றையும் சேர்த்துக் கேட்டு வாங்கிவிடுங்கள்.